ஏற்றிய கொடியை இறக்கும் முறை

கொடி தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் புறத்திணையில் கொடிநிலையைக் குறிக்கின்றார். பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வகைவகையாய் எடுத்துரைக்கின்றது. தெய்வத்துக்கு ஒரு கொடி, வாதிட வந்த ஆசிரியர்க்கு ஒரு கொடி, நாவாய்க்கு ஒரு கொடி. கள் விற்கும் மனைக்கும் ஒரு கொடி! அவை யாவும் உயர்ந்து பறக்கும் கொடிகளே. நைந்துபோன கொடியை என் செய்தனர் என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை. இன்று நம் தெருக்களில் அவ்வினா எழுந்து நிற்கின்றது.

1947 ஜூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை ஏற்ற மூவண்ணக் கொடியை, எல்லா நாள்களிலும் தம் இல்லத்தில் ஏற்றும் உரிமை பொதுமக்களுக்கு நெடுங்காலம் இல்லை. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடிச் சட்டத்தொகுப்பே அதனை வழங்கியது. 2004இல் உச்ச நீதிமன்றம் அதனை அடிப்படை உரிமையின்பாற்பட்டதெனத் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் பாலியெஸ்டர் துணிக்கும் இயந்திர நெசவுக்கும் இசைவு கிடைத்தது. 2022 ஜூலையில், வீட்டில் இரவும் பகலும் கொடி பறக்கலாம் என விதி தளர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏறிற்று. அஞ்சலகத்தில் 25 ரூபாய்க்குக் கொடி கிடைத்தது. ஏழை வீட்டிலும் கொடி பறந்ததை நாம் குறை கூறோம், அது மகிழத்தக்கதே.

ஆயின் பதினைந்தாம் நாள் கழிந்த பின்னர் நிகழ்வது என்ன? மாடியின் கைப்பிடிச் சுவரிலும் கடைப் பலகையின் மேலும் கட்டப்பட்ட கொடி, கார்த்திகை மழையையும் சித்திரை வெயிலையும் அங்கேயே கண்டுவிடுகின்றது. காவி வெளிறி வெண்மையோடு கலக்கின்றது. விளிம்பு நாராய்க் கிழிந்து தொங்குகின்றது. இரவிலும் பறக்கலாம் என்ற இசைவை, இறக்கவே வேண்டா என்று நாம் பொருள் கொண்டுவிட்டோம். கிழிந்த கொடியும் நிலைகுலைந்த கொடியும் பறக்கலாகாது என்னும் விதியோ சற்றும் தளரவில்லை. கொடியை விரைந்து ஏற்றுக, மெல்ல இறக்குக என்பதும் அத்தொகுப்பின் விதியே.

துணியைப் பேணும் முறையை ஆரணிக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. பாவு ஓடுவது முதல் சேலை தறியிலிருந்து அறுபடுவது வரை, நூலின் ஈரமும் வெயிலும் பார்த்தே தொழில் நடக்கும் ஊர் இது. பட்டுச்சேலை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அம்மடிப்பிலேயே இற்றுவிடும் என்பதனை நம் இல்லத்துப் பெண்டிர் அறிவர். அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றி வைப்பர். கொடிக்கும் மடிப்பு முறை உண்டு. காவிப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் வெண்பட்டையின் கீழே மடக்கி, பின்னர் இருபுறமும் நடுநோக்கி மடித்தால், அசோகச் சக்கரமும் காவி, பச்சை இவற்றின் சிறு பகுதியும் மட்டுமே மேலே தெரியும். அதனை உள்ளங்கைகளில் ஏந்திச் சென்று வைத்தல் வேண்டும். கொடி ஏற்றப் பயிலும் மாணவர்க்கு இதனையும் நாம் பயிற்றுகின்றோமா?

பேணினால் துணி எத்தனை காலம் நிற்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உள்ளது. 1947 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் ஏறிய கொடி தூய பட்டால் ஆனது. அது கோட்டை அருங்காட்சியகத்தில் காக்கப்பெற்று, 2013 முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. பட்டு நெய்யும் ஊரின் மாணவர்கள் ஒருமுறையேனும் சென்று காண வேண்டிய துணி அது.

பேணியும் நைந்துவிட்ட கொடியை என் செய்வது? குப்பையில் இடலாகாது, வேறு பயனுக்குக் கிழித்தலும் ஆகாது. பிறர் பார்வைக்கு அப்பால், முழுமையாக, எரித்தோ மாண்புக்கு ஒத்த பிறிதொரு முறையிலோ நீக்குக என்பது விதி. பொது இடத்தில் கொடியை எரிப்பது, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். தனியிடத்தில் மதிப்புடன் எரிப்பதோ அதற்குச் செய்யும் இறுதி மரியாதை. தீ ஒன்றே, கருத்துதான் வேறு. இன்னொன்றும் ஈண்டுக் கூறத் தோன்றுகின்றது. வீரரின் உடல்மேல் போர்த்திய கொடியைக் குழியிலும் இறக்கலாகாது, சிதையிலும் எரிக்கலாகாது என்கின்றது அத்தொகுப்பு. அடக்கம் செய்வோர்க்கும் தகனம் செய்வோர்க்கும் ஒரே விதி.

இடர்ப்பாடு பாலியெஸ்டரில்தான் உள்ளது. பட்டின் தரம் அறிய ஓரிழையைக் கொளுத்திப் பார்ப்பது நம்மூர் வழக்கம். பட்டாயின் மயிர் கருகும் நாற்றம் எழும்; சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டரோ உருகிச் சொட்டிக் கட்டியாகும். புதைத்தாலும் எளிதில் மட்காது. அதனை மாண்புடன் நீக்க இனிய வழி எதுவென விதியும் விளக்கவில்லை.

ஆதலின் இரண்டு செய்யலாம் என்பது நம் கருத்து. ஆகஸ்ட் 16 அன்றே நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தெருத்தெருவாய்ச் சென்று, தரையில் கிடக்கும் காகிதக் கொடிகளையும் வீட்டார் தரும் நைந்த கொடிகளையும் திரட்டி, கல்லூரியில் ஒரு பெட்டியில் சேர்க்கலாம். புதிதாய் வாங்குவோர், இயன்றவரை கைத்தறிப் பருத்திக் கொடி ஒன்றை வாங்கலாம். விலை சற்று மிகும். ஆயினும் மாலையில் இறக்கி, உலர்த்தி, மடித்துப் பட்டுச்சேலையின் பக்கத்தில் வைத்தால், ஆண்டுதோறும் வேறு கொடி வாங்க நேராது.