இன்னொரு பொலிஸ் கட்டடம் எதற்கு? தமிழில் எழுதும் பொலிஸைக் கேளுங்கள்



வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிக்கு முன்னால் மேசை போட்டு மகஜருக்குக் கையொப்பம் வாங்கப் போகிறார்களாம். ஐஸ் கூடிவிட்டது, மோட்டார் சைக்கிள் களவு கூடிவிட்டது, ஆகவே நம்ம பக்கத்துக்கு இன்னொரு பொலிஸ் காவலரண் வேண்டும் என்பது கோரிக்கை. நோக்கம் நல்லது. ஆனால் இப்போது இருக்கிற மாதிரி அந்த மகஜரில் நான் கையொப்பம் வைக்கமாட்டேன். ஏன் என்று இன்பொக்ஸில் கேட்ட தம்பிமாருக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கத்தில் பொலிஸ் நிலையத்துக்குப் பஞ்சமில்லை. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் பழையவை. பிறகு சாய்ந்தமருது, பெரியநீலாவணை என்று புதியவையும் வந்தன. கட்டடம் வந்தது, பெயர்ப்பலகையில் தமிழும் வந்தது. உள்ளே போய் ஒரு முறைப்பாடு எழுதவேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "தமிழ் எழுதுற சார்ஜன்ட் கோர்ட்டுக்குப் போயிருக்கார், பின்னேரம் வாங்க." பின்னேரம் போனால் அவர் டியூட்டி முடிந்து போயிருப்பார். ஒரு பொலிஸ் நிலையம் முழுக்க அந்த ஒரு மனிதனை நம்பித்தான் ஓடுகிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஊரின் முறைப்பாட்டுக்கும் காய்ச்சல்.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் உம்மாவோடு ஒருமுறை போயிருந்தேன். எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன். மருமகன் அடித்த விஷயம். அந்தத் தாய் அழுதழுது தமிழில் சொன்னதை, அங்கே நின்ற ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் சிங்களத்தில் சொல்ல, ஒரு கான்ஸ்டபிள் சிங்களத்தில் எழுதினார். அந்த மனிதரைக் குறை சொல்லமாட்டேன், தனக்குத் தெரிந்த மொழியில்தான் எழுதினார். ஆனால் மகளின் உடம்பில் எங்கே அடிபட்டது என்பதை ஊர்ப் பையன் ஒருவன் முன்னால், அவன் வாயால் சொல்லவைக்க வேண்டியிருந்தது. பெண் பொலிஸ் ஒருவரும் அன்றைக்கு இல்லை. அரைவாசியை அந்தத் தாய் சொல்லாமலே விட்டுவிட்டா. தனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு பக்கத்தின் அடியில் கையொப்பமும் வைத்தா. நாளைக்கு நீதிமன்றத்தில் "இதுதானே நீங்கள் சொன்னது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வா?

இதில் நாம் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1988 இன் 16 ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை இன்னும் தெளிவு: வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ், பகிரங்கப் பதிவேடுகளும் அந்த மொழியில்தான். கல்முனைப் பொலிஸ் நிலையம் கிழக்கில்தானே இருக்கிறது? 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவையும் பாருங்கள். வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். உத்தியோகத்தரால் முடியாவிட்டால், நம்மையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். நமக்கும் எழுத முடியாவிட்டால்தான் வேறு மொழியில் எழுதலாம், அதுவும் காரணத்தைப் பதிந்துவிட்டு, விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகு. இதைத் தெரிந்து வைத்திருங்கள். அடுத்த முறை போகும்போது முறைப்பாட்டை வீட்டிலேயே தமிழில் எழுதி, பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

2011 இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையும் இதையே சொன்னது: பொலிஸ் நிலையங்களில் இருமொழி உத்தியோகத்தர் 24 மணித்தியாலமும் இருக்க வேண்டும், வாக்குமூலம் முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் எழுதப்பட வேண்டும். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகளுக்கு நாம் பாடம் நடத்தி முடிக்கப் போகிறோம்.

ஆளணி இல்லை, பணம் இல்லை என்பார்கள். நாடு முழுக்கப் பொலிஸில் வெற்றிடம் இருப்பது உண்மைதான். ஆனால் 2024 ஒக்டோபரில் அறுகம்பேயில் சுற்றுலா இடங்களுக்குத் தாக்குதல் அச்சுறுத்தல் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்டதும் என்ன நடந்தது? பொலிஸ், விசேட அதிரடிப்படை என்று பொத்துவில் பக்கம் குவிந்துவிட்டது. வாகனமும் வந்தது, எரிபொருளும் வந்தது. சுற்றுலாப் பயணியைப் பாதுகாக்கத்தான் வேண்டும், அதில் எனக்குக் கேள்வி இல்லை. அதே பொத்துவிலில் ஒரு ராத்தா முறைப்பாடு கொடுக்கப் போகும்போது ஆள் இல்லை என்பதுதான் என் கேள்வி. துவக்கு பிடிக்க ஆள் கிடைக்கிறது, பேனை பிடிக்க மட்டும் கிடைக்கவில்லை.

ஆட்களைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் 2018 பெப்ரவரி 26 ஐ மறந்திருக்கமாட்டார்கள். சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை என்ற பொய்யால் அம்பாறை நகரில் பள்ளிவாசலை உடைத்தார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் அது வெறும் மாவுக்கட்டி என்றார். அம்பாறை நகரம் பொலிஸ் இல்லாத பட்டிக்காடா?

கொழும்பில் இருப்பவர்களும் தங்கள் நன்மைக்காகவே இதை யோசிக்க வேண்டும். சஹ்ரானைப் பற்றி 2017 இலேயே காத்தான்குடி மக்கள் முறைப்பாடு செய்தார்கள். 2019 ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் அந்த வீட்டில் புதிதாக வந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்ததும் நம்ம ஊர் ஆட்கள்தான். ஊருக்குள் நடப்பது முதலில் தெரியவருவது பெட்டிக்கடைக்காரருக்கும் பக்கத்து வீட்டு உம்மாவுக்கும். அவர்கள் பேசுகிற மொழி விளங்காத பொலிஸுக்கு எந்தப் புலனாய்வு யார் கொண்டுவந்து கொடுப்பது?

இனி நம்ம பக்கத்துக் கதை. இது சிலருக்குக் கசக்கும்.

1990 ஜூன் 11 நமது ஊர்களுக்கு ஒரு காயம். மேலிடத்து உத்தரவில் சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். கல்முனை நிலையத்தில் இருந்தவர்களும் அதில் உண்டு. "பொலிஸுக்கா? வேணாம் மகன்" என்று நமது உம்மாமார் சொல்லப் பழகியதில் அந்தக் காயத்துக்கும் பங்குண்டு. அதை விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு பிறந்தவர்கள் இப்போது பிள்ளை பெற்றுவிட்டார்கள். இன்றைக்கும் பொலிஸ் வேலைக்கு வர்த்தமானி வந்தால் நமது பையன்கள் கட்டார் விசாவைத்தான் பார்க்கிறார்கள். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்தவர்களில் பொலிஸைப் பற்றி யோசித்த ஒருவரையும் நான் காணவில்லை. பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: "பொம்புளப் புள்ளையளை பொலிஸுக்கு அனுப்புறதா?" என்று கேட்கும் அதே மரைக்காயர்தான், அடிபட்ட பெண்ணுக்குப் பெண் பொலிஸ் இல்லை என்று மேடையில் கவலைப்படுகிறார்.

சாய்ந்தமருது சபைக்காகக் கடை அடைத்தோம். கல்முனை வடக்குச் செயலகத்துக்காக இரண்டு பக்கமும் எத்தனை கூட்டம், எத்தனை ஊர்வலம்! எல்லைக்காகத் தெருவுக்கு வந்த நாம், முறைப்பாடு தமிழில் எழுதப்பட வேண்டும் என்று ஒருநாள் தெருவில் நின்றோமா? பாண்டிருப்பிலும் காரைதீவிலும் இருக்கிற தமிழ்ச் சகோதரருக்கும் இதே கஷ்டம்தான். அவர்களோடு சேர்ந்து, எந்த எல்லைச் சண்டையும் இல்லாமல் கேட்கக்கூடிய ஒரு விஷயம் இது. அதனால்தானோ என்னவோ அரசியல்வாதிகளுக்கு இதில் ருசி இல்லை. இதில் திறந்து வைக்க நாடாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

ஆகவே மகஜரை மாற்றுங்கள். காவலரண் வரியை வெட்டிவிட்டு இவற்றைப் போடுங்கள்: ஒவ்வொரு நிலையத்திலும் இரவும் பகலும், ஒவ்வொரு டியூட்டியிலும் தமிழில் எழுதத் தெரிந்த இரண்டு பேராவது, சிறுவர், பெண்கள் பிரிவில் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர், தமிழ் எழுதுபவரை இடமாற்றினால் அதே நாளில் பதிலுக்கு ஒருவர். அடுத்த பொலிஸ் ஆட்சேர்ப்பு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கவும், பரீட்சைக்குப் படிப்பிக்கவும் பின்னேரங்களில் நான் தயார். இரண்டு ஆசிரியர்கள் ஏற்கனவே ஓம் என்று சொல்லிவிட்டார்கள். ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் இரு பகுதியினரும் வரலாம், பணம் இல்லை.

பொலிஸ்மா அதிபருக்கு மகஜரைச் சிங்களத்தில் எழுதினால்தான் வாசிப்பார்கள் என்று நேற்று ஒருவர் சொன்னார். தமிழில் எழுதுவோம் சேர். தமிழில் எழுதினால் தமிழில் பதில் தருவதும் அவர்களின் கடமைதான்.