ரசிகர் மாநாடும் ஒரு தாயின் கடிதமும்

இத்திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை எடுத்துத் தனியே வைத்திருந்தோம். பெங்களூரில் வாழும் ஓர் அம்மையார் எழுதியது. அவர் பிறந்தது சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தை அடுத்த ஒரு சிற்றூர். பிழைப்பை நாடிக் கணவரும் அவருமாகப் பெங்களூர் சென்று பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. மகன் மட்டும் பாட்டியின் பாதுகாப்பில் ஊரிலேயே தங்கித் திருப்பதியில் ஒரு கல்லூரியில் படிக்கிறான். வயது பத்தொன்பது. வீட்டிலே தமிழ், பள்ளியிலே தெலுங்கு என்று வளர்ந்த பிள்ளை.

அம்மையார் எழுதுகிறார்: "அவன் இப்போது ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்துக்குச் செயலாளராம். அந்த நடிகரின் அடுத்த படம் வெளிவருமுன் திருப்பதியில் பெரிய விழா நடக்குமாம். நடிகரே நேரில் வருவாராம். பேனர் கட்டுவதற்கு மூவாயிரம் ரூபாய் அனுப்பச் சொல்கிறான். நான் சினிமாவுக்கு விரோதியல்ல, ஐயா. ஆனால் இரவில் தூக்கம் வரவில்லை. பணம் அனுப்புவதா, மன்றத்தை விட்டுவிடு என்று கண்டிப்பதா? நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்."

வெதுருகுப்பம் என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். தெலுங்கில் 'வெதுரு' என்றால் மூங்கில். பழந்தமிழிலும் மூங்கிலுக்கு 'வெதிர்' என்றே பெயர். மூங்கிலின் பெயரைத் தாங்கிய ஊர்ப் பிள்ளை, பேனருக்கு மூங்கில் வாங்க பெங்களூரிலிருந்து பணம் கேட்கிறான்! இது விளையாட்டுப் பேச்சு, அம்மையார் பொறுத்தருள்க. கடிதத்தின் உள்ளே இருக்கும் அச்சம் விளையாட்டன்று என்பதை நாம் அறிவோம்.

முதலில் பிள்ளையின் பக்கம் நின்று பேசுவோம். நடிகரிடம் அன்பு வைப்பது இந்தத் தலைமுறை கண்டுபிடித்த பைத்தியம் அன்று. நம் சீமையின் பெயரையே தம் பெயருக்கு முன்னே தாங்கிப் புகழடைந்த நடிகர் ஒருவர் உண்டு. அவர்தாம் சித்தூர் வி. நாகையா. 1904இல் பிறந்தவர், சித்தூர் ராம விலாச சபையின் நாடக மேடையிலே பயின்றவர். தெலுங்கில் போதனராகவும் தியாகையராகவும் வேமனராகவும் தோன்றினார். தமிழில் 1941இல் வந்த 'அசோக்குமார்' படத்தில் மன்னர் அசோகராகவும், 1945இல் வந்த 'மீரா'வில் எம். எஸ். சுப்புலட்சுமிக்கு எதிரே ராணாவாகவும் நடித்தார். 1965இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1973இல் மறைந்தார். ஈட்டிய பொருளை வாரி வழங்கிவிட்டு முதுமையில் வறுமையுற்றவர் என்று அவரைப் பற்றிப் பேசும்போது நம் பெரியோர்களின் குரல் தழுதழுப்பதைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் எந்த மன்றத்திலும் உறுப்பினர் அல்லர். அன்பு மட்டும் குறைவா என்ன?

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சிறப்பும் உண்டு. இரண்டு மொழிப் படங்களும் நம்முடையவை. இரண்டு மொழி நடிகர்களும் நம்மவர்கள். ஒரே வீட்டில் அண்ணன் எம்.ஜி.ஆருக்கும் தம்பி என். டி. ராமராவுக்கும் வாதாடிய காட்சி இங்கே அதிசயமன்று. திருமலையில் சுவாமி தரிசனம் முடித்த தெலுங்கு யாத்திரிகர்கள், பேருந்தை நேரே சென்னைக்கு விட்டுத் தியாகராய நகர் பசுல்லா சாலையில் ராமராவின் வீட்டு வாசலில் இறங்கி அவரையும் தரிசித்துச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1960இல் வந்த 'ஸ்ரீ வெங்கடேஸ்வர மகாத்மியம்' படத்தில் ஏழுமலையானாகத் தோன்றியவர் அவர்தாமே! பின்னர் 1982 மார்ச்சில் கட்சி தொடங்கி, 1983 ஜனவரியில் ஆட்சியையே கைப்பற்றினார். திருப்பதித் தொகுதியிலும் அவருக்கு வெற்றி கிட்டியது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் தனிக் கட்சி கண்டபோது, அவருடைய மன்றங்கள் ஒரே நாளில் கட்சிக் கிளைகள் போல் நின்றன. ஐந்தாண்டுகளில் அவரும் முதலமைச்சரானார்.

ஆகவே மன்றம் என்பது வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. சாரா டிக்கி என்னும் அமெரிக்க மானிடவியலார் மதுரையில் தங்கி, படம் பார்க்கும் ஏழை மக்களோடும் மன்றத்து இளைஞர்களோடும் பழகி ஆராய்ந்து 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். பொருளும் பதவியும் இல்லாத இளைஞன் ஒருவனுக்கு 'செயலாளர்' என்ற பெயரும், நாலு பேருக்கு உதவினோம் என்ற நிறைவும் மன்றத்திலேதான் கிடைக்கின்றன. சிரஞ்சீவியின் பெயரால் 1998இல் தொடங்கிய இரத்த வங்கிக்கு இரத்தம் அளித்து வருவோர் பெரும்பாலும் அவருடைய ரசிகர்களே. இதை நாம் மறைத்தால் நியாயம் ஆகாது. தாயும் தகப்பனும் தொலைவில் இருக்க, பாட்டி உறங்கிய பின் தனித்திருக்கும் பிள்ளைக்கு 'வா, தம்பி' என்று அழைக்க ஓரிடம் இருந்தது என்றால், அந்த இடத்தை ஒரே சொல்லால் இடித்துத் தள்ள நமக்கு மனம் வரவில்லை.

இனி மாநாட்டைப் பார்ப்போம். திருப்பதி இத்தகைய கூட்டங்களுக்குப் புதிய ஊர் அன்று. 2008 ஆகஸ்டு 26ஆம் நாள் சிரஞ்சீவி தம் பிரஜா ராஜ்யம் கட்சியை அங்கேதான் தொடங்கினார். இலட்சக்கணக்கில் மக்கள் கூடினர். மறுவருடத் தேர்தலில் 294 இடங்களில் 18 மட்டுமே கிட்டின. திருப்பதி அவரை வெற்றிபெறச் செய்தது. சொந்தச் சீமையான பாலகொல்லு கைவிட்டது. 2011இல் கட்சி காங்கிரசில் கலந்துவிட்டது. கூடிய கூட்டம் வேறு, எண்ணிய வாக்கு வேறு!

படத்துக்கும் இதே கதைதான். 2023 ஜூன் 6ஆம் நாள் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக மைதானத்தில் 'ஆதிபுருஷ்' படத்துக்கு வெளியீட்டு முன்விழா நடைபெற்றது. இராமனாக நடித்த பிரபாஸ் வந்திருந்தார். விழாவின் ஆரவாரத்தைப் பார்த்தவர்கள் படம் காலமெல்லாம் ஓடும் என்றே நம்பியிருப்பார்கள். திரையரங்குதோறும் அனுமனுக்கென ஓர் இருக்கையைக் காலியாக விடுவோம் என்றும் படக்குழுவினர் அறிவித்திருந்தனர். ஜூன் 16இல் படம் வெளிவந்தது. அனுமன் பேசும் வசனங்கள் தெருப்பேச்சாக இருக்கின்றன என்று நாடெங்கும் மக்கள் முகம் சுளித்தனர். சில நாட்களுக்குள் வசனங்களை மாற்றவேண்டி வந்தது. விழாவிலே கைதட்டியவர்களும் இதே மக்கள்தாம்; அரங்கிலே முகம் சுளித்தவர்களும் இதே மக்கள்தாம்.

இதிலிருந்து நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. ரசிகன் என்ற சொல்லுக்குச் சுவைப்பவன் என்பதன்றோ பொருள்? சுவைப்பவன் உப்புக் குறைந்தால் குறைந்தது என்று சொல்லவேண்டும். ஆனால் இந்த விழாக்களிலே சுவைத்துச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. விருந்தினராக வரும் நடிகர் ஒருவர், தாம் இன்னும் பார்க்காத படத்தை 'சரித்திரம் படைக்கும்' என்கிறார். இயக்குநர் கதாநாயகரை அண்ணா என்கிறார். கதாநாயகர் ரசிகர்களைத் தம் உயிர் என்கிறார். தயாரிப்பாளர் கண் கலங்குகிறார். கடைசியில் எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள் என்று ஒரு வார்த்தை. இந்தக் கடைசி வார்த்தை ஒன்றே அந்த மாலையில் பேசப்பட்ட மெய் என்பது நம் எண்ணம். 2025 ஜனவரி 4ஆம் நாள் ராஜமகேந்திரவரத்தில் நடந்த ஒரு படவிழாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிய இரண்டு இளைஞர்கள் விபத்தில் மாண்டனர்.

அம்மையாருக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்பது இங்கேதான் விளங்குகிறது. அவர் கடிதத்தில் எழுதாமல் விட்ட செய்தியை நாமே எழுதுகிறோம். 2020 செப்டம்பர் 1ஆம் நாள், மறுநாள் பவன் கல்யாணின் பிறந்த நாள் என்பதற்காக, நம் சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பக்கம் சாந்திபுரத்தில் இளைஞர்கள் சிலர் பெரிய பேனர் ஒன்றை நிறுத்தினர். பேனர் மின்கம்பியில் பட்டது. மூன்று உயிர்கள் அங்கேயே போயின. 2023 ஜூலையில் நரசராவ்பேட்டை அருகே நடிகர் சூர்யாவின் பிறந்த நாளுக்குப் பேனர் கட்டிய கல்லூரி மாணவர் இருவர் இவ்வாறே மாண்டனர். அவர்களும் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகளே. பேனரின் சட்டம் இரும்பு. மேலே செல்வது உயர் அழுத்தக் கம்பி. காற்று ஒரு பக்கம் சாய்த்தால் பிடித்திருப்பவனுக்குக் கையை விட நேரமில்லை. மின்சாரத்துக்கு எந்த நடிகரின் ரசிகன் என்ற பேதமும் கிடையாது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2016 ஆகஸ்டில் கோலாரில் ஒரு கூட்டம் நடந்தது. அது உறுப்பு தானத்துக்காகக் கூடிய நல்ல கூட்டம். திருப்பதியிலிருந்து சென்ற ரசிகர் ஒருவர் அங்கே, எந்த நடிகர் பெரியவர் என்று எழுந்த வாக்குவாதத்தின் பின் கத்திக் குத்துப்பட்டு இறந்தார். அவருடைய கண்களைக் குடும்பத்தார் தானம் செய்தனர். நடிகரும் திருப்பதிக்கு வந்து அந்தத் தாயைக் கண்டு ஆறுதல் கூறினார். ஆயினும் அந்த வீட்டில் ஓர் இடம் காலியாகவே இருக்கிறது. படத்தைப் பற்றிய அபிப்பிராயத்துக்கு ஓர் உயிர் விலையாகலாமா?

2024 டிசம்பர் 4ஆம் நாள் ஐதராபாத்தில் 'புஷ்பா' இரண்டாம் பாகத்தின் சிறப்புக் காட்சிக்கு நடிகர் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்தார். அவருடைய சிறுவன் பல நாட்கள் நினைவின்றிக் கிடந்தான். 2025 செப்டம்பர் 27ஆம் நாள் கரூரில் நடிகர் விஜய்யின் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். இந்தக் கணக்கை மேலும் நீட்ட எமக்கு விருப்பமில்லை.

'புஷ்பா'வைப் பெயர் சொல்லிவிட்டோம். அதைப் பற்றிய எம் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம். அபிப்பிராயம் எப்படிச் சொல்லப்படவேண்டும் என்பதற்கு ஒரு மாதிரியாக இருக்கட்டும். 2021 டிசம்பரில் முதல் பாகம் வந்தபோது நம் சீமை மகிழ்ந்தது. சித்தூர்த் தெலுங்கு, கதாநாயகனின் வாயிலே, கேலிப்பொருளாக அன்றிக் கம்பீரமாக ஒலித்தது. அல்லு அர்ஜுனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது 2023இல் அறிவிக்கப்பட்டது. தெலுங்கு நடிகருள் அதைப் பெற்ற முதல்வர் அவரே. நடிப்பில் குறையில்லை. ஆனால் கதை செம்மரம் கடத்துபவனுடையது. செம்மரம் உலகிலேயே சேஷாசலம் முதலிய நம் பக்கத்து மலைகளில்தான் இயல்பாக வளர்கிறது. அந்த மலையில் 2015 ஏப்ரல் 7ஆம் நாள், மரம் வெட்ட வந்தவர்கள் என்று தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபது பேர் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். பலர் திருவண்ணாமலைப் பக்கத்து மலைக் கிராமத்தவர்கள், கூலிக்கு வந்தவர்கள். படத்தில் கூலியாள் முதலாளியாகிறான். தோளைக் குலுக்கி, தாடையைப் புறங்கையால் தடவுகிறான். மெய்யான மலையில் கூலியாள் வீடு திரும்பவில்லை. பாட்டுக்கு நாமும் தாளம் போட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அந்த இருபது வீடுகளும் நினைவில் வந்து இடையே தாளம் தப்பியது. இதை ஒரு ரசிகர் மாநாட்டு மேடையில் ஏறிச் சொல்ல முடியுமா?

இன்னும் ஒன்று. ரஜினிகாந்த் 2017 மே மாதத்தில் சென்னை ராகவேந்திரா மண்டபத்தில் மாவட்டந்தோறும் ரசிகர்களை அழைத்து ஒவ்வொருவருடனும் படம் எடுத்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 31இல் அரசியலுக்கு வருவேன் என்றார். மூன்றாண்டுகள் கழித்து, 2020 டிசம்பர் 29இல், உடல்நிலை காரணமாக வரவில்லை என்று தெரிவித்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை, உடல் அவருடையது. ஆனால் அந்த மூன்றாண்டுகளும் கடன் வாங்கிக் கொடி கட்டிய மன்றச் செயலாளர்கள் என்ன ஆனார்கள்? நடிகர் அஜித் 2011இலேயே தம் மன்றங்களைக் கலைத்துவிட்டார். அதன் பின்னும் அவர் படங்களுக்குக் கூட்டம் குறையவில்லை. அன்புக்கு ரசீதுப் புத்தகம் வேண்டுவதில்லை போலும்.

அம்மா, உங்கள் வினாவுக்கு வருகிறோம். மன்றத்தை விடு என்று கட்டளை இடாதீர்கள். தொலைவிலிருந்து வரும் கட்டளையைப் பத்தொன்பது வயது கேளாது. கேட்டதுபோல் நடித்து மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். பேனருக்கு என்று பணம் அனுப்பாதீர்கள். காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சாந்திபுரத்துச் செய்தியை அவனையே படிக்கச் செய்யுங்கள். விழாவுக்குப் போகட்டும்; பேருந்தில் போய், இரவு திருப்பதியிலேயே நண்பன் அறையில் தங்கிக் காலையில் ஊர் திரும்பட்டும். அதற்கான செலவுக்கு ஐந்நூறு ரூபாய் தாராளமாக அனுப்பலாம். முண்டியடிக்கும் முன்வரிசை வேண்டா. வெளியே செல்லும் வழிக்கு அருகில் நிற்கச் சொல்லுங்கள். நடிகரின் முகம் சற்றுச் சிறிதாகத் தெரியும், அவ்வளவே.

படம் வெளிவந்ததும் நீங்களும் பெங்களூரில் அதையே பாருங்கள். இரவு தொலைபேசியில் அவனிடம் படம் எப்படி என்று கேளுங்கள். "சூப்பர்" என்று ஒரே சொல்லில் விடை வரும். விடாதீர்கள். எந்தக் காட்சி, ஏன், எங்கே அலுத்தது என்று கேளுங்கள். தாயும் மகனும் அரைமணி நேரம் பேசுவதற்குப் படத்தை விட எளிய பொருள் வேறு கிடைக்காது.

அவனுக்கு எம்மிடமிருந்தும் ஓர் அழைப்பு உண்டு. தம்பி, அந்தப் படத்தைப் பற்றி இரண்டு பக்கம் தமிழில் எழுதி அனுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் நாம் திருத்திக்கொள்கிறோம். தெலுங்குச் சொல் கலந்தாலும் குற்றமில்லை. இப்பகுதியிலேயே உன் பெயருடன் வெளியிடுவோம். ஒரே ஒரு நிபந்தனை: உன் நடிகர் செய்ததில் உனக்குப் பிடிக்காத ஒன்றையும் அதில் எழுதவேண்டும்.