முதலில் பேப்பர், பிறகு கம்ப்யூட்டர்!

வெப் பக்கம் தயாரிக்கணும்னா உடனே கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துவிடுகிறோமே, அது சரியா?

போன வருடம் எங்கள் துறைக் கருத்தரங்குக்கு நான்தான் பக்கம் தயாரித்தேன். ஐந்து கலர், ஓடும் எழுத்து, சுற்றும் படம்! பதிவுக்கான கடைசித் தேதியோ அடியில், பொடி எழுத்தில். "அண்ணே, தேதியையே பார்க்கலை" என்று முதலாமாண்டுத் தம்பி ஒருவன் வந்து நின்றபோது தேதி முடிந்திருந்தது. தப்பு என்னுடையதுதான்.

1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட உலகின் முதல் வெப் பக்கத்தில் வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். ஆனாலும் வேண்டியது கிடைத்தது!

டிராயிங் இல்லாமல் ஜாப்பை லேத்தில் மாட்டுவோமா? அதேபோல் முதலில் பென்சிலால் கட்டம் போடுங்கள். வருகிறவர் தேடுவது எதுவோ அது மேலே, பெரிசா இருக்கட்டும். மெனுவில் நாலைந்து போதும். தமிழில் 'தீ' மேலே ஏறும், 'பு' கீழே இறங்கும். ஆகவே வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். செல்போனிலும் திறந்து பாருங்கள். கடைசியாக, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். சட்டென்று கண்டுபிடிக்கிறாரா?

பந்தலுக்கு அலங்காரம் வேண்டியதுதான். வாசல் எதுன்னு தெரியணுமே!