கண்ணுக்கு விட்ட வழி

பழங்காலப் போர்க்கோலம் பூண்டு, அக்காலத்து வீரரைப் போலவே களத்தில் இறங்கிப் பொருதுவது மேனாடுகளிற் பலருக்கு இன்று விருப்பமான பொழுதுபோக்காகும். விளையாட்டே எனினும் விழும் அடி மெய்யானது. ஆதலின், இதிற் புகுவோர் வாள் வீசப் பழகுமுன் முகக்காப்பின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும்.

முகக்காப்பென்பது தலைக்கவசத்தின் முன்புறத்தில் ஏற்றி இறக்கக்கூடியதாய் அமைந்த இரும்புத் தகடு. அதனை முற்றாக அடைத்தால் அணிந்தவனுக்குப் பார்வை மறையும், மூச்சும் முட்டும். இடைவெளி விட்டாலோ ஆயுதம் உட்புகும். பதினான்காம் நூற்றாண்டுக் கொல்லர் இதனை நன்குணர்ந்திருந்தனர். எதிரியின் ஈட்டி பெரும்பாலும் இடப்புறத்தே தாக்குமாதலால், சில முகக்காப்புகளில் மூச்சுத் துளைகளை வலப்புறத்தில் மாத்திரம் இட்டனர்.

1524 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி சபோக் பிரபுவுடன் குதிரையேறி ஈட்டிப் போட்டியில் இறங்கினார். மன்னர் முகக்காப்பைத் தாழ்த்த மறந்துவிட்டார். கண்டோர் நிறுத்துமாறு கூவினர். தலைக்கவசத்துள் இருந்த பிரபுவோ எதனையும் காணவுமில்லை; கேட்கவுமில்லை. ஈட்டி மன்னரின் தலைக்கவசத்தில் மோதிச் சிதறியது. அவர் காயமின்றித் தப்பியது அதிர்ஷ்டமே.

பிரான்சு மன்னர் இரண்டாம் ஹென்றிக்கு அவ்வதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1559 ஜூன் 30 ஆம் திகதி, பாரிஸ் நகரில், மகளின் திருமணத்தை ஒட்டி நடந்த போட்டியில், மொன்கொமெரி பிரபுவின் ஈட்டி முறிந்தது. அதன் சிராய் முகக்காப்பைக் கடந்து மன்னரின் கண்ணருகே பாய்ந்தது. பாரே, வெசாலியஸ் என்னும் பேர்பெற்ற வைத்தியர் இருவரும் பார்த்தும் பயனின்றி, ஜூலை 10 இல் அவர் உயிர் நீத்தார். பதினைந்து வயது மைந்தன் அரசனானான்.

முகக்காப்பு அணிந்தால் மாத்திரம் போதாது. அதன் இடைவெளியை எதிர்வரும் ஆயுதத்தோடு ஒப்பிட்டு அளத்தலும் வேண்டும் என்பதே நாம் இதனாற் பெறும் பாடம். 1966 இல் கலிபோர்ணியாவில் ஆரம்பமான எஸ். ஸி. ஏ. என்னும் சங்கத்தார் பிரம்பினாலான வாள்களைக் கொண்டு பொருதுகின்றனர். ஓர் அங்குலத் தடிப்புள்ள கோல் முகக்காப்பின் எந்த இடைவெளியிலும் நுழையலாகாதென்பது அவர்தம் விதி. அவர்களது பிரம்பு அதனிலும் பருமனானது. ஆகவே அவ்வளவு போதும். மெல்லிய உருக்கு வாளுக்கு அதே முகக்காப்பை நம்பி நிற்பது ஆபத்தாகும்.

தெரிவு செய்யும்போது அழகையும் பழைய சித்திரத்தையும் மாத்திரம் நோக்கலாகாது. பல்லைக் கடித்து நிற்கையில், முகக்காப்பு தாடைக்குக் கீழே ஓர் அங்குலமாவது இறங்கியிருத்தல் வேண்டும். தலையை வேகமாக உதறினாலும் அது திறந்துகொள்ளலாகாது. நாடிப்பட்டி இறுக்கமாயும் உட்புற மெத்தை கனமாயும் அமைதல் நன்று. அணிந்தபடி நடந்தும் குனிந்தும் ஓடியும் பார்த்து, காலடி தெரிகின்றதா, களைத்தபின் மூச்சு வாங்க முடிகின்றதா என்றறிந்த பின்னரே களம் புக வேண்டும்.

வியர்வை கண்ணில் வழிந்தாலும், நடுவர் போரை நிறுத்தி, எல்லோரும் ஆயுதந் தாழ்த்தும்வரை எவரும் முகக்காப்பை உயர்த்தலாகாது. எதிரில் நிற்பவனும் இரும்புக்குள்ளே நிற்கின்றான். சபோக் பிரபுவைப் போல அவனுக்கும் நமது முகம் தெரியாதிருக்கலாம்.