சோதிக்கப்படாத உறுப்பு

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், கண்டியிலிருந்து கம்பளை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், பந்தயக் கார்களையும் பந்தயம் பார்க்கப் புறப்பட்ட குடும்பங்களையும் ஒருங்கே காண்பது மலைநாட்டாருக்குப் புதிதன்று; 1934ஆம் ஆண்டில் ஆரம்பமான மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் அவ்வளவு பழைய சம்பிரதாயம். அத்தகைய உற்சவ காலத்திலேதான், 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஒரு கார் கவிழ்ந்ததை உணர்த்த எச்சரிக்கைச் சைகை காட்டப்பட்டபோதே, மற்றொரு கார் ஓடுபாதையை விட்டு விலகிச் சனத்திரளுக்குள் பாய்ந்து, எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேரைப் பலிகொண்டது.

சாரதிகள் கைதாயினர், விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. சாரதியின் கவனயீனம் நீதிமன்றம் நிர்ணயிக்க வேண்டிய விஷயம். ஆயினும், வேகமே இலட்சியமான ஒரு விளையாட்டில் சாரதி என்றாவது தவறுவான் என்பதை முன்கூட்டியே கணக்கிற் கொள்வதன்றோ பாதுகாப்பு விதியின் முதற் காரியம்?

சாரதி மட்டுமன்றி யந்திர உறுப்பும் தவறக்கூடும்; அவ்வாறு தவறினால் பொறுப்பு யாருடையது என்ற வாதம் உலகில் நெடுநாள் நடந்திருக்கிறது. 1994இல் இமோலாப் பந்தயத்தில் சாரதி அயர்ட்டன் சென்னா மாண்டபோது, அவர் வசதிக்காக வெட்டி, குறுகிய குழாய் ஒட்டவைத்து மாற்றப்பட்ட ஸ்டியரிங் தண்டே முறிந்தது என்ற முடிவுக்கு இத்தாலிய உச்ச நீதிமன்றம் 2007இல் வந்து, அணியின் தொழில்நுட்பத் தலைவரைப் பொறுப்பாளியாகக் கண்டது. ஆனால் சட்டம் விதித்த கால எல்லை கடந்துவிட்டதால் தண்டனை எவருக்கும் இல்லை. கழன்று பறந்த சக்கரங்கள் 2000இல் மொன்சாவிலும் 2001இல் மெல்பேணிலும் ஓடுபாதைப் பணியாளர் ஒவ்வொருவரைக் கொன்ற பிறகு, சக்கரத்தைக் காருடன் பிணைக்கும் வடங்கள் மேலும் வலுவாக்கப்பட்டன. அங்கே மரணத்துக்குப் பின்னராவது உறுப்பு சோதனைக்கு வந்தது.

நம் மலைநாட்டில், கராஜில் கூரைச் சட்டகம் ஒட்டிய மேஸ்திரி சாரதியை நம்புகிறார். சாரதி, பந்தயக் காலையில் காரைப் பார்வையிடும் பரிசோதகரை நம்புகிறார். பரிசோதகரோ தம் கண்ணை நம்புகிறார், கண்ணுக்கு ஒட்டுவேலையின் உள்வெடிப்பு தெரிவதில்லை. இத்தனைக்கும் அப்பால், கார் பாய்ந்தால் அதனைத் தாங்க வேண்டிய மண்ணணையும் தடுப்பும் ஒரு பாதுகாப்பு உறுப்பே என்பது ஒருவர் நினைவிலும் இருந்ததாகத் தோன்றவில்லை. காரின் பிரேக்கைச் சோதிப்பவன் உண்டு. தடுப்பைச் சோதிப்பவன் யார்? அந்த வேகத்தைத் தாங்கத்தக்க தடுப்பு தியத்தலாவையில் இருக்கவில்லை என்பதற்கு நிகழ்ச்சியே சான்று.

ஏற்பாட்டாளரே பரீட்சகராகவும் இருக்கும் நிலையில் இக்கேள்விக்கு விடை பிறவாது. கண்டிக்கு அருகிலேயே, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. நுழைவுச் சீட்டிலும் விளம்பரத்திலும் பங்கில்லாத அத்தகைய ஒரு ஸ்தாபனத்திடம் ஒட்டுவேலை, ஆசனப் பட்டி, தடுப்பு, பார்வையாளர் நிற்கும் தூரம் ஆகிய யாவற்றையும் ஒப்படைத்து, அது எழுத்தில் சம்மதம் தராத பந்தயத்துக்கு, எத்துணை பெரிய கூட்டம் மலைமேல் காத்திருந்தாலும், பொலிஸார் அநுமதி வழங்கலாகாது.