எண் கேட்கும் இலவசம்

விலையின்றி வருவதொன்றை வேண்டாவென்று மறுத்தல் எளிதன்று. இவ்வகையில் முதியோர் ஒரு நெறியிலும் இளைஞர் மற்றொரு நெறியிலும் ஒழுகுதலை நாடோறும் காண்கின்றோம்.

சென்ற விடுமுறையில் அனந்தபுரத்திலிருந்து எம் பாட்டனாருடன் செஞ்சிக்குச் சென்று, ஒரு கடையில் துணி வாங்கினோம். பணம் பெறுபவர் கைப்பேசி எண்ணைக் கேட்டார். “துணிக்குப் பணம் தருகிறேன், எண் எதற்கு?” என்றார் பாட்டனார். எண்ணைத் தந்தால் அடுத்த முறை விலையிற் சலுகை உண்டென்றார் அவர். பின்னே நின்றோர் முணுமுணுத்தனர். யாமோ நாணி, எம் எண்ணைச் சொல்லிவிட்டோம். அன்று மாலை தொட்டு விளம்பரச் செய்திகள் ஓயவில்லை.

பாட்டனார் செய்தது வெறும் பிடிவாதமன்று. எண்ணைத் தரும்படி வாங்குவோரை வற்புறுத்தலாகாதென, நடுவணரசின் நுகர்வோர் துறை 2023-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே வணிகர்க்கு அறிவுறுத்தியுள்ளது. ஆயின் அவர் அறிந்தது இவ்வாணையன்று, பழையதொரு பாடம். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவியபின், ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். பின்னர்க் கட்டணமே வேண்டா, குடையும் தருவோம் என்றனர் எனக் கூறுவர். அவ்விலவசத்தின் நோக்கம் சுதேசிக் கம்பெனியை வீழ்த்துதலே.

இளைஞர்க்கு இவ்வறிவு இல்லையென்றல் பொருந்தாது. 2015-இல் பேஸ்புக் நிறுவனம், சில இணையதளங்களை மட்டும் கட்டணமின்றிக் காட்டும் திட்டத்தை இந்தியாவிற்குக் கொணர்ந்தது. இணையம் யாவர்க்கும் பொதுவாதல் வேண்டுமென்று பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திற்குச் சென்றன. 2016 பிப்ரவரி 8-ஆம் நாள், தளத்திற்கொரு கட்டணம் விதித்தலை ஆணையம் தடுத்தது. அம்முயற்சியில் உழைத்த இளைஞர் பலர்.

எனவே குறை அறிவில் இல்லை, பழக்கத்தில் உள்ளது. பல்லாயிரவர் உடனிருப்பின் மறுக்கும் நாம், தனியே நிற்குங்கால் நாணுகின்றோம். முதியோர்க்குத் தனியே மறுத்தல் இயல்பாயிற்று. அவர்பாலும் குறையுண்டு: எண்ணைக் காக்கும் எம் பாட்டனார், வாட்ஸ்அப்பில் வருவனவற்றை ஆராயாது பிறர்க்கு அனுப்புகின்றார். அவரிடம் யாமும், எம்மிடம் அவரும் கற்கவேண்டியவை உள.

மாணவ நண்பர்காள்! அடுத்த முறை எண் கேட்கப்படின், இன்முகத்துடன் ‘வேண்டா’ என்போமாக. யாம் அங்ஙனம் சொல்லிப் பார்த்தோம். சலுகை கிடைக்கவில்லை, துணி கிடைத்தது, புதிய கடையொன்றின் விளம்பரமும் வந்து சேரவில்லை.