ரேஞ்ச்ஃபைண்டர் பைனாகுலர்: பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பி வாங்கலாமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். அக்டோபர் மாதம், எல்க் மான் வேட்டை சீசன். விடிந்தும் விடியாத நேரத்தில் எதிர்ச் சரிவில் ஓர் எல்க் மேய்கிறது. வேட்டைக்காரர் கண்ணுக்கு 300 கஜம் போலத் தெரிகிறது. உண்மையில் 420 கஜம். நடுவில் பள்ளத்தாக்கு இருந்தால் கண் இப்படித்தான் ஏமாறும். 300 என்று கணக்குப் போட்டுச் சுட்டால், குண்டு ஓர் அடிக்கு மேல் தாழ்ந்துபோய் காலில் படலாம். கால் உடைந்த விலங்கு காட்டுக்குள் ஓடிவிடும். அப்புறம் அது சாக எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை. அமெரிக்காவில் அப்படியில்லை. எந்த விலங்கு, எத்தனை, எந்த மாதம் என்பதையெல்லாம் மாநில அரசே முடிவுசெய்து லைசென்ஸ் தருகிறது. அங்கே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மலையேறுபவரிடம் எதிர்பார்க்கப்படும் முதல் விஷயம், ஒரே குண்டில் முடிப்பது. தூரம் தெரியாமல் அது நடக்காது.

ரேஞ்ச்ஃபைண்டர் பைனாகுலர் வந்தது இதற்காகத்தான். பட்டனை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்பு போய், இலக்கில் பட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்து தூரம் கணக்கிடப்படும். ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம், ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் 1992-ல் ஜியோவிட் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. இன்று சுமார் 1,000 டாலரில் ஆரம்பித்து 3,000 டாலரைத் தாண்டியும் கிடைக்கிறது.

வாங்கப் போகிறவரை முதலில் இழுப்பது பெட்டியில் இருக்கும் பெரிய எண்தான். உதாரணத்துக்கு, வோர்டெக்ஸ் ஃப்யூரி ஹெச்டி 5000. பெயரில் உள்ள 5000 கஜம், ஒளியை நன்றாகத் திருப்பியடிக்கும் பரப்புக்கான அளவு. மானுக்கு 1,600 கஜம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. மான் தோல் கண்ணாடி இல்லையே! ஏமாற்று வேலை எதுவும் கிடையாது, எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் அளவு போடுகிறது. ஆனால் அந்த 1,600-கூட யாருக்குத் தேவை?

6.5 க்ரீட்மோர் போன்ற சாதாரண வேட்டைத் துப்பாக்கியில், 400 கஜத்திலிருந்து 500 கஜத்துக்குள் மட்டும் குண்டு சுமார் அரை மீட்டர் கூடுதலாக இறங்கிவிடும். 500 கஜம் போய்ச்சேர அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் எல்க் ஓர் அடி எடுத்துவைத்தால் போச்சு. காற்று வேறு குறுக்கே தள்ளும். குறுக்குக் காற்றின் வேகத்தையோ, விலங்கின் அடுத்த அடியையோ லேசர் அளந்து சொல்லாது. தூரம் துல்லியமாகத் தெரிந்துவிட்டது என்பதாலேயே சுடலாம் என்று தோன்றுவதுதான் இந்தக் கருவியின் உண்மையான ஆபத்து. 1887-ல் தியடோர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப், தொலைதூரச் சுடுதலை நியாயமான வேட்டையின் பிரச்சினையாகவே பார்க்கிறது.

அப்படியானால் காசை எதில் போடுவது? கண்ணாடியில்தான். மேற்கு மாநில மலைகளில் வேட்டைக்காரர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பைனாகுலரில் தேடுவார். லேசர் பட்டனை அழுத்துவது சில தடவை மட்டும்தான். விலங்குகள் வெளியே வருவதோ விடியலிலும் அந்தியிலும். 10x42-ல் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4.2 மி.மீ., 8x42-ல் 5.25 மி.மீ. கையில் பிடித்தே பார்ப்பவருக்கு 8 மடங்கு போதும். டிரைபாடு தூக்க யோசிக்காதவர் 10-க்குப் போகலாம்.

மலையில் சுடுபவருக்கு விடக்கூடாத அம்சம் ஒன்று உண்டு, சரிவுக் கணக்கு. 30 டிகிரி சரிவில் 400 கஜத்தில் நிற்கும் விலங்குக்கு சுமார் 346 கஜம் என்று வைத்துத்தான் குறிபார்க்க வேண்டும். இதைக் கருவியே சொல்லிவிட்டால் அவசரத்தில் மனக்கணக்குப் போட வேண்டாம். அடுத்து, லேசர் ஒரு புள்ளியாகப் போய்ப் படுவதில்லை, தூரம் போகப்போக விரியும். 2 மில்லிரேடியன் விரியும் கதிர் 500 மீட்டரில் ஒரு மீட்டர் அகலம். அதில் பாதி முன்னால் நிற்கும் புதரில் பட்டால், புதரின் தூரம்தான் திரையில் வரும். அதனால் கதிர் குறுகலாக இருப்பது முக்கியம், பின்னால் இருக்கும் இலக்கைப் பிடிக்கும் மோடு இருந்தால் நல்லது. மொபைலோடு இணைவது, உள்ளேயே குண்டுக் கணக்கு போடுவது எல்லாம் அதற்கப்புறம்தான்.

பென்சில்வேனியா மாதிரி அடர்ந்த காட்டில் 100 கஜத்துக்குள் சுடுபவருக்கு இதெல்லாம் வீண் செலவு. நல்ல சாதா பைனாகுலர் ஒன்று போதும், வேண்டுமானால் பாக்கெட் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். திறந்த மலைவெளியில் கதை வேறு. ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பதற்குள் மான் பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் எல்லா பைனாகுலரும் பளிச்சென்றுதான் தெரியும். அந்திப் பொழுதில் கடை வாசலுக்கு எடுத்து வந்து, கையுறை போட்டபடியே, தூரத்தில் இருட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரத்தை அளந்து பார்க்கலாம். திரையில் எரியும் சிவப்பு எண் கண்ணைக் கூசவைத்து மரத்தையே மறைத்தால், வெளிச்சத்தைக் குறைக்க முடிகிறதா என்று அங்கேயே கேட்டுவிடுவது நல்லது.